பழியெல்லாம் வீட்டுக் கொப்பிக்கு

எங்கள் தொழிலில் கொம்பியூட்டர் பழுதாவது அபூர்வம். பழுதாவதெல்லாம், “நான் ஒண்டும் செய்யல்ல” என்று சத்தியம் பண்ணுகிறவர்களின் கொப்பிகள்தான்.

அடுத்தவருடைய மெசினுக்கு முன்னால் குந்தி, அவர் குழப்பியதை ஒன்றரை மணித்தியாலம் இருந்து சரிப்படுத்தி, நன்றிக்குப் பதிலாக “நீ தொட்ட பிறகுதான் இது ஸ்லோவாகிட்டு” என்ற பேச்சை வாங்கியவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். நானும் தூக்கியிருக்கிறேன். இது உங்களுக்காகத்தான். இந்தத் துன்பம் அறியாத பாக்கியசாலிகளுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது புளியந்தீவில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் ஒபிஸில். எந்த வட்டையில், அதாவது எந்த வயல்வெளியில், எப்போது விதைப்பு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று விவசாயிகளுக்குக் காட்டுகிற மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம். அதன் மூலப்பிரதி சேர்வரில் இருக்கும். ஆளுக்கொரு கொப்பியை, அதாவது நகலை, தன் மெசினுக்கு இறக்கி, அதில் எழுதித் திருத்தி, திரும்ப மேலே ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குப் பெயர் கொமிற். மற்றவர்கள் ஏற்றியதை நாம் இறக்கிக்கொள்வது அப்டேட். ஒவ்வொரு கொப்பிக்குள்ளும் மறைவாக ஒரு ஃபோல்டர் இருந்து, எதை எப்போது இறக்கினோம் என்று நினைவு வைத்திருக்கும். அந்த நினைவும் கையிலுள்ள ஃபைல்களும் ஒத்துப்போகாவிட்டால் கொப்பி குழம்பிவிடும். அப்டேட்டும் ஆகாது, கொமிற்றும் ஆகாது. அப்போது “டிலானி!” என்று ஒரு சத்தம் கேட்கும். அது நான்.

கம்பஸ் ஸ்ட்ரைக்கில் மூடிக்கிடந்தபோது ஒரு மாதத்துக்கென்று வந்தவள். கம்பஸ் திறந்துவிட்டது, நான் ஒபிஸை விட்டுப் போகவில்லை. லெக்சர் இல்லாத நேரங்களில் இங்கே இருக்கிறேன். இருப்பதற்குக் காரணம் தொழில் பற்று அல்ல, கோபம்.

கோபத்தின் கதை இது. எங்களில் ஒருவர் மட்டும் ஒபிஸுக்கு வருவதில்லை. பஸ்மினா ராத்தா, ராத்தா என்றால் அக்கா, காத்தான்குடியில் தன் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மகனுக்கு ஏழு மாதம், கணவர் கட்டாரில், உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எங்கள் முதலாளியை எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவர், “மூணு மாசம் பார்ப்பம். வீட்டில இருந்து செய்யிறதால ஒபிஸ் வேலை குழம்பினா, ஒண்டு நாளாந்தம் இஞ்ச வரவேணும், இல்லாட்டி நிப்பாட்ட வேணும்” என்று சொல்லியிருந்தார். நாளாந்தம் வர ராத்தாவால் ஏலாது. ஆகவே கொப்பி குழம்பினால் அவருடைய வேலை போய்விடும். இது தெரிந்த பிறகு எங்கள் ஒபிஸில் எந்தக் கொப்பி குழம்பினாலும் எல்லா விரல்களும் காத்தான்குடிப் பக்கமே நீண்டன. வீட்டுக் கொப்பியாம்! பேரும் வைத்துவிட்டார்கள்.

வைரஸ் என்று நினைத்தது

ஜெனிற்றா தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். என் வயது. திரைகளின் அழகெல்லாம் அவள் கைவேலை. ஒரு திங்கட்கிழமை காலை அவள் அப்டேட் அடிக்க, “இது வேலைக் கொப்பி அல்ல” என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் கொப்பியாக இருந்தது, திங்கட்கிழமை கொப்பி இல்லையாம். “ராத்தா வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னமோ ஏத்தினவ, அதோடதான் இப்பிடி” என்றாள் ஜெனிற்றா. யாரோ காத்தான்குடியில் ஏற்றியது பாலம் தாண்டி வந்து உன் மெசினுக்குள் புகுந்து உன் ஃபோல்டரை அழிக்குமா என்று கேட்டேன். “ஏன் அழிக்காது?” என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

தேடிப் பார்த்தேன். நினைவு வைத்திருக்கும் அந்த மறைவான ஃபோல்டரைக் காணவில்லை. குறுக்கு விசாரணையில் உண்மை வந்தது. மச்சாளின் கலியாண வீடியோவைப் போட்டுப் பார்க்க இடம் போதவில்லை. இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தேடியிருக்கிறாள். ஒளிந்திருந்த ஒரு ஃபோல்டர் அகப்பட்டது. உள்ளே ஒரு முழம் நீளப் பெயர்களோடு, திறந்தால் வாசிக்க முடியாத ஃபைல்கள் ஆயிரக்கணக்கில். வைரஸ் என்று முடிவுகட்டி அழித்துவிட்டு, நிம்மதியாகக் கலியாணம் பார்த்திருக்கிறாள். புதிதாக ஒரு கொப்பி இறக்கி, அவள் மாற்றிய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அதன் மேல் வைக்க மத்தியானமாகிவிட்டது. ராத்தாவிடம் மன்னிப்புக் கேள் என்றேன். அதற்கு அவள் சொன்னது:

“நல்ல ஃபோல்டரெண்டா நாலு பேருக்கு முன்னால இருக்கவேணும்கா. ஒளிச்சிட்டு இருந்தா நான் என்னெண்டு நம்புற?”

வக்கடையில் மண்வெட்டி

தவம் அண்ணன்தான் எங்களில் மூத்தவர். கிரான் ஊர்க்காரர். வாரத்தில் ஐந்து நாள் நிரல் எழுதுவார், மிச்ச நாள் தகப்பனின் வயல். மழையில்லாத சிறுபோகத்தில் அவர்களுடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை வந்ததும் நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். போகும்போது தண்ணீர் நாட்கள் சம்பந்தப்பட்ட பதினொரு ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் சேர்வரில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் பூட்டினால் மற்றவர்கள் அந்த ஃபைலை வாசிக்கலாம், மாற்றி ஏற்ற முடியாது.

ராத்தா அந்தப் பதினொன்றில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். ஏற்றினால் ஏறவில்லை. தவம் அண்ணனுக்குப் போன் எடுத்தால் அது எடுபடவில்லை. அந்த வட்டையில் சிக்னல் கிடைப்பது குளக்கட்டின் மேல் ஏறினால் மட்டும். மூன்றாம் நாள் சேர் என்னைப் பார்த்து, “பார்த்தியா புள்ள, மூணு நாளா ராத்தா ஒண்டும் ஏத்தல்ல. வீட்டில குழந்தையோட இருந்தா இப்பிடித்தான்” என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சேர்வரில் ஏறிப் பதினொரு பூட்டையும் உடைத்தேன். ஐந்தாவது நிமிடம் ராத்தாவின் மூன்று நாள் வேலையும் வரிசையாக வந்து விழுந்தது. சேரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

தவம் அண்ணன் திரும்பி வந்தார். கால் இன்னும் சேற்று நிறம். பூட்டை உடைத்தது நான்தான் என்று மார்தட்டிச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், மனம் நொந்துபோனவர்போல் என்னைப் பார்த்தார். அவர்கள் வயலில் வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாய்தான் வக்கடை. அதன் பக்கத்தில் ஒருவர் தன் மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் அவர் திரும்பிவரும் வரைக்கும் யாரும் அதைத் தொட மாட்டார்களாம். பூட்டும் அப்படித்தானாம். நாலு நாள் சாப்பிடவா போனீர்கள் என்று கேட்டேன். நாங்கள் அரை மணித்தியாலம் வாதாடினோம். கடைசியில் அவர் சொன்னார்:

“தங்கச்சி, நீங்க செய்தது சரியா இருக்கலாம். ஆனா எங்கட வட்டையில ஒங்களுக்கு ஒரு துண்டுக் காணியும் குத்தகைக்குத் தரமாட்டாங்க.”

சனிக்கிழமை உயிர்த்தெழுந்தவை

இது இருக்கிற கதைகளிலேயே கொடுமையானது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், நாங்கள் ஒரு மாதமாகத் தேடித் தேடிக் கொன்ற பிழைகள் அத்தனையும் உயிரோடு உலாவுகின்றன. எட்டுக் கிராமத்தின் பெயர்கள் திரும்பவும் தலைகீழ். ஜெனிற்றாவின் பச்சைப் பொத்தான்கள் திரும்பவும் சாம்பல். “வீட்டுக் கொப்பி பழசாத்தான் இருக்கும், ராத்தா அதை அப்பிடியே ஏத்திட்டா” என்று தவம் அண்ணன் சொல்ல, ஜெனிற்றா பெருமூச்சு விட்டாள். சேர் நாட்காட்டியைப் பார்த்தார். மூன்று மாதத்தில் பாதி போயிருந்தது.

எங்கள் சேர்வர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. யார், எந்த நேரம், எந்த ஃபைலை ஏற்றினார் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். ஒரு ஒபிஸ் முழுக்க சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் திறந்து சத்தமாக வாசித்தேன். சனிக்கிழமை காலை, நாற்பத்தாறு ஃபைல்கள், என்ன மாற்றம் என்று விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி, ஏற்றியவர்: எங்கள் சேர்.

நடந்தது இதுதான். சேரின் வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. டேட்டா வீணாகக் கூடாது என்று அப்டேட் அடிக்காமல், அதிலிருந்த பழைய ஃபைல்கள் எல்லாவற்றையும் பென் ட்ரைவில் போட்டு வந்து, தன் லப்டொப்பில் இருந்த புதிய கொப்பிக்கு மேலேயே கொட்டியிருக்கிறார். கொப்பிக்கு என்ன தெரியும்? ஐயா இரவோடிரவாக நாற்பத்தாறு ஃபைலைத் திருத்தியிருக்கிறார் என்று நினைத்து, பயபக்தியோடு எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டது. அந்த ஏற்றத்தைத் திருப்பி எடுத்தேன், பத்து நிமிட வேலை. பிறகு சேருக்கு முன்னால் பதிவேட்டைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்ட பேர்தான் இருக்கு. ஆனா கை என்டதுதான் எண்டு அதில எங்க இருக்கு?”

மின்வெட்டு வந்த வீடு

நியாயம் பேசுகிறவள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை ராத்தாவின் கொப்பியும் குழம்பியது. அப்டேட் பாதியில் மின்சாரம் போய்விட்டது. பாதி ஃபைல் புதியது, பாதி பழையது, கொப்பி தன்னைத்தானே பூட்டிக்கொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. போனில் சொல்லித் தீராது என்று பஸ் ஏறிப் போனேன். ஒபிஸில் யாருக்கும் சொல்லவில்லை. கம்பஸில் வேலை என்று சொன்னேன். ஓம், பொய்தான்.

துப்புரவுக் கட்டளை ஒன்று கொடுத்தால் பூட்டுக் கழன்றுவிடும். அது முடிய இன்னொரு அப்டேட். வேலை கால் மணித்தியாலம், நான் இருந்தது இரண்டரை மணித்தியாலம். ராத்தா மடியில் மகனை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறார் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கொமிற் செய்வதற்கு முன்னால் தான் மாற்றிய ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துப் பார்ப்பார். சாதாரணமாக வாசித்தால் மகன் அழுவான் என்று தாலாட்டு ராகத்தில் வாசிப்பார். “இந்த வாய்க்கால் நிறைஞ்சிட்டா... அடுத்த வாய்க்காலைத் திற... இல்லாட்டித் திரும்பிப் போ...” என்று அவர் பாட, அவன் கண்ணைச் சொருகுகிறான். எங்கள் ஒபிஸில் தான் எழுதியதைத் திரும்ப வாசிக்கிற ஒரே ஆள் இவர்தான். மற்றவர்கள் எழுதுவோம், ஏற்றுவோம், பிறகு காத்தான்குடியைப் பார்ப்போம்.

உம்மா பிளேன்டீயும் ஒரு தட்டு மஸ்கட் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “புள்ள நல்லா மெலிஞ்சிருக்கிறா” என்று என்னைப் பார்த்துக் கவலைப்பட்டார். நான் ஒபிஸ் சண்டைகளையெல்லாம் வீரத்தோடு சொன்னேன். நான் எப்படி வாதாடினேன், தவம் அண்ணன் எப்படி வாயடைத்துப்போனார், எல்லாம். ராத்தா சிரித்துக்கொண்டே கேட்டார். வாசல் வரை வந்து செருப்பைப் போடும்போதுதான் மெதுவாகச் சொன்னார்:

“ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது தங்கச்சி. நீங்க எனக்காகச் சண்டை பிடிக்கிற ஒவ்வொரு தரமும் என்ட பேர் அங்க ஒரு தரம் கூடுதலா வருதில்லையா?”

நான் வென்ற வாதம்

யாரும் சொல்லிக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கிரானில் விவசாயிகளுக்கு மென்பொருளைக் காட்டும் நாளும் அந்த வாரம்தான். ராத்தா மூன்று மாதமாக வீட்டிலிருந்து செய்த மாரிப்போகக் கலண்டர்தான் அன்றைக்கு முக்கியமான காட்சி. அது நன்றாக ஓடினால் அவர் வீட்டிலிருந்தே தொடரலாம் என்று சேர் வாயால் சொல்லிவிட்டார்.

இப்படி இருக்க, தண்ணீர் நாளை ஒரு நாள் பிந்திக் காட்டுகிறது என்று தவம் அண்ணன் கண்டுபிடித்தார். “ராத்தா போன கிழமை கலண்டரில கை வெச்சவ, அதுதான்” என்றார். இல்லை, அந்தப் பிழை சிறுபோகத்திலேயே இருந்தது, பார்க்கப்போனால் அது நீங்கள் எழுதிய வரி என்றேன். நிரூபிக்கச் சொன்னார். நிரூபிப்பது சுகம். சிறுபோகத்துக்கு நாங்கள் வெளியிட்ட பதிப்பு சேர்வரில் தனிக் கிளையாக இருக்கிறது. கலண்டர் ஃபோல்டரை மட்டும் அந்தக் கிளைக்குத் திருப்பி ஓடவிட்டால் பிழை அங்கேயும் தெரியும். என் கொப்பியில் முடியாத வேலை கிடந்தது. தவம் அண்ணன் தன் கொப்பியைத் தொட விடமாட்டார், அந்தப் பூட்டு விசயத்துக்குப் பிறகு தன் நாற்காலியைக்கூட விடமாட்டார். சேரின் லப்டொப் மேசையில் சும்மா கிடந்தது.

திருப்பினேன், ஓடவிட்டேன். அதே பிழை, அதே வரி, அதே தவம் அண்ணன். நான் மேசையில் தட்டிய சத்தத்துக்குக் கீழே மருந்துக்கடையில் இருந்து யாரோ மேலே பார்த்து என்னவென்று கேட்டார்கள். தவம் அண்ணன் அந்த ஒரு வரியைத் தன் மெசினில் திருத்தி ஏற்றினார். நான் இரண்டு மணி லெக்சருக்குப் பஸ் பிடிக்க ஓடினேன். படியில் இறங்கும்போது அவர் பின்னால் நின்று சொன்னார்:

“சரி தங்கச்சி, நீங்கதான் வெண்டது. இப்ப எனக்குப் பசிக்குது.”

மாரியில் திறந்த மதகு

கிரானில் ஒரு பொது மண்டபம். முன்வரிசையில் விவசாய அமைப்புகளின் செயலாளர்கள், பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் தவம் அண்ணனின் சொந்தக்காரர்கள் ஒரு வட்டைக்கான அளவு. சேருக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. அன்று காலை தன் லப்டொப்பில் தன் கையாலேயே அப்டேட் அடித்துவிட்டு வந்ததாக வேனில் வரும்போது மூன்று தரம் சொன்னார்.

“இப்ப மாரிப்போகம் பார்ப்பம்” என்று சேர் பொத்தானை அழுத்தினார். திரையில் வந்தது சிறுபோகம். ஐப்பசி மாதத்துக்கு நேரே குளத்து மதகைத் திற, நாலு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடு என்று கட்டளை. சேர் இன்னொரு தரம் அழுத்தினார். கார்த்திகைக்கும் மதகு திறந்தது. மழை கொட்டுகிற மாதத்தில்! மண்டபம் முதலில் அமைதியாக இருந்தது, அது மரியாதை. பிறகு பின்னால் ஒருவர் சிரித்தார், அது தவம் அண்ணனின் சித்தப்பா. பிறகு எல்லாரும். சேர் என் பக்கம் திரும்பி, பல்லுக்குள்ளால், “பஸ்மினாட கலண்டர் எங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த வயதான செயலாளர் ஒருவர் எழுந்து, கோபமே இல்லாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்:

“மகள், மாரியில குளம் நிரம்பி வழிஞ்சு தன்ட பாட்டில வான் பாயும். அதுக்கு ஒங்கட கொம்பியூட்டர் சொல்லத் தேவையில்ல.”

ஓர் எழுத்து

அடுத்த நாள் காலை ஒபிஸில் விசாரணை. சேர், தவம் அண்ணன், ஜெனிற்றா, நான். ராத்தா போனில், ஸ்பீக்கரில். மகன் அழும் சத்தமும் கூடவே.

“எப்பவும் பதிவேட்டைப் பாருங்க பதிவேட்டைப் பாருங்க எண்டுவாய்தானே, இப்ப வாசி” என்றார் சேர். “அந்தக் கலண்டரை மாரிக்கு மாத்தினது ஆர்?” வாசித்தேன். பஸ்மினா. தவம் அண்ணன் பிறகு திருத்திய ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் அவர் பெயர்தான். என் மெசினில் அது சரியாக ஓடுகிறது என்று சொன்னேன், ஓட்டியும் காட்டினேன். “ஒன்ட மெசினில ஓடி எனக்கென்ன புள்ள? கிரானில ஓடல்லையே. வீட்டில சரியாப் பார்க்காம ஏத்தியிருக்கிறா. நான் சொன்னதுதான். அடுத்த மாசத்தில இருந்து இஞ்ச வரவேணும், இல்லாட்டி...” என்று நிறுத்தினார். போனில் மகனின் அழுகை மட்டும் கேட்டது.

அப்படியென்றால் உங்கள் லப்டொப்பைத் தாருங்கள், பிழை அதில்தான் என்று காட்டுகிறேன் என்று வாங்கித் திறந்தேன். கொப்பியின் நிலையைக் கேட்டேன். வரிசையாக ஃபோல்டர்கள் வந்தன. எல்லாம் சுத்தம். கலண்டர் ஃபோல்டருக்குப் பக்கத்தில் மட்டும் தனியாக ஓர் எழுத்து நின்றது. இந்த ஃபோல்டர் வேறு கிளைக்குத் திருப்பப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படித் திருப்பிவிட்டால், நூறு அப்டேட் அடித்தாலும் அது தான் நிற்கிற கிளையிலேதான் புதுசு தேடும், தானாகத் திரும்பி வராது. திருப்பியவர்தான் திருப்ப வேண்டும். லெக்சருக்கு ஓடியவர் திருப்பவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த எழுத்தின் அர்த்தம் அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பதிவேட்டிலும் இருக்காது, ஏனென்றால் பதிவேடு ஏற்றியதைத்தான் எழுதும், ஒரு மெசினில் திருப்பியதை எழுதாது. இரண்டு சொல் தட்டினால் எழுத்துப் போய்விடும். “என்னமோ தெரியாது சேர், இப்ப ஓடுது” என்று சொல்லலாம். என் விரல் அந்த விசையில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆனால் “என்னமோ தெரியாது” என்ற பதிலைச் சொன்னவர்கள் மேல் மாதக்கணக்கில் பாய்ந்துகொண்டிருந்தவள் நான். அந்தப் பதிலில் சேர் திருப்திப்பட மாட்டார் என்பதும் தெரியும். என்னமோ தெரியாத எல்லாவற்றுக்கும் எங்கள் ஒபிஸில் ஏற்கெனவே ஒரு முகவரி இருந்தது.

“இது நான் சேர்” என்றேன். தவம் அண்ணனோடு வாதாடியது, லப்டொப்பை எடுத்தது, திருப்பியது, திருப்பாமல் போனது எல்லாம் சொன்னேன். ராத்தாவின் வேலையில் ஒரு பிழையும் இல்லை, அவர் மேல் பிழை இல்லை என்று நிரூபிக்கப்போய் நான் செய்த பிழை இது என்றேன். அவர்களுக்கு முன்னால் ஃபோல்டரைத் திரும்ப எடுத்து ஓடவிட்டேன். மாரிக் கலண்டர் வந்தது. மதகுகள் மூடியிருந்தன, வான் பாயும் நாட்கள் நீலத்தில். ஜெனிற்றா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தவம் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, எனக்கு இவ்வளவு காலமும் கிடைக்காமல் இருந்த இன்பம் இதுதான் என்பதுபோல் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். “வாற கிழமை திரும்பக் கிரானுக்குப் போறம். அந்த மண்டபத்தில எழும்பி நிண்டு நீதான் சொல்லுவாய், என்ன நடந்ததெண்டு. பஸ்மினா வீட்டில இருந்தே செய்யட்டும். மூணு மாசக் கதையை விடுங்க. ஒழுங்கா ஒபிஸுக்கு வாற ஆக்களாலதான் இஞ்ச கரைச்சல்” என்றார்.

ஸ்பீக்கரில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மகன் அடங்கிவிட்டிருந்தான். ராத்தா அழுகிறார் என்று நினைத்து நான் போனைக் கையில் எடுத்தேன், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்:

“இனி என்னைக் காப்பாத்துறதெண்டா, முதல்ல எனக்கொரு போன் எடுத்துக் கேட்டுட்டுக் காப்பாத்துங்க தங்கச்சி.”

சக துன்பப்பட்டவர்களே, இதை எழுதுகிற இந்த நிமிடத்தில் எங்கள் ஒபிஸின் ஐந்து கொப்பிகளும் சேர்வரோடு அச்சொட்டாக ஒத்துப்போகின்றன. இன்று போயா, பௌர்ணமி விடுமுறை, ஒருவரும் வேலை செய்யவில்லை.